கையெழுத்துப் போடத் தெரிந்தால் போதுமா?

(போனக்காட்டில் தொடங்கவிருக்கும் முதியோர் வாசிப்பு வகுப்புகளுக்கான ஆசிரியத் தொண்டர்கள் கூட்டத்தில், சங்கத்தின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



நாம் கூடியிருக்கும் இந்தத் தோட்டத்துக்கு மேலே நிற்பது அகத்தியர் மலை. 1868 மீட்டர் உயரம். தமிழுக்கு முதல் இலக்கணம் செய்தவர் என்று நம் மரபு சொல்லும் முனிவரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. மலையேறப் போகிறவர்கள் போனக்காட்டிலிருந்துதான் நடக்கத் தொடங்குகிறார்கள். வேறு சிலரும் வருகிறார்கள். பாழடைந்த துரை பங்களாவில் பேய் உலவுகிறதாம். அதைப் படம் பிடிக்கக் காமிராவோடு வருகிறார்கள். கூரை ஒழுகும் லயங்களில் மனிதர்கள் இருக்கிறார்களே, அவர்கள் அந்தப் படங்களில் வருவதில்லை. இலக்கண முனிவரின் காலடியில், வீட்டில் தமிழே பேசி, தமிழிலே அழுது, தமிழிலே சாமி கும்பிட்டுத் தலைமுறைகளைக் கழித்த மக்களில் மூத்தவர்கள் பலருக்குத் தமிழ் எழுத்து தெரியாது. இதை விதி என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களோடு நமக்குப் பேச்சில்லை. கொழுந்து பறிக்கக் கைகள் வேண்டும், கண்கள் வேண்டும். படிப்பு வேண்டாம் என்று கணக்குப் போட்ட ஒரு தொழில்முறையின் விளைவு இது.

கேரளம் முழு எழுத்தறிவு பெற்ற மாநிலம் என்று பள்ளிப் புத்தகங்கள் சொல்கின்றன. அந்தச் சாதனையை நாம் குறைத்துப் பேச வரவில்லை. 1990 பிப்ரவரி 4-இல் எர்ணாகுளம் மாவட்டம் முழு எழுத்தறிவு மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. 1991 ஏப்ரல் 18-இல் கோழிக்கோட்டில் மாநிலம் முழுவதற்குமான அறிவிப்பைச் செய்தவர் அமைச்சரோ அதிகாரியோ அல்ல. அந்த இயக்கத்தில் எழுத்துக் கற்ற சேலக்கோடன் ஆயிஷா என்ற மலப்புறத்துப் பெண். இந்தியாவில் வேறு எந்த மேடையிலும் அப்படி ஒரு காட்சி நடந்ததாக நமக்குத் தெரியாது. ஆனால் 2011 மக்கள்தொகைக் கணக்கிலும் இங்கே எழுத்தறிவு 94 சதவீதம்தான். மிச்சமுள்ள ஆறு சதவீதத்தைக் கலெக்டர் அலுவலக வாசலில் தேட வேண்டாம். மலையோரத்திலும் கடற்கரையிலும் ஆதிவாசிக் குடிகளிலும் தோட்டத்து லயங்களிலும் தேடுங்கள்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். கணக்கெடுப்புக்காரர் கேட்பது, ஏதேனும் ஒரு மொழியில் புரிந்துகொண்டு எழுதவும் படிக்கவும் தெரியுமா என்பது. வாசலில் நின்று அதைக் கேட்டால் என்ன பதில் வரும்? கையெழுத்துப் போடத் தெரிந்தவர் "தெரியும்" என்றுதான் சொல்வார். இங்கேதான் நம் முதல் எச்சரிக்கை. கையெழுத்துப் போடுவது வேறு, படிப்பது வேறு. தன் பெயரை ஒரு கோலம் போலப் பழகி வரைந்துவிடலாம். கோலத்துக்குப் புள்ளி எத்தனை என்று தெரிவதைப்போல எந்தக் கோடு எங்கே வளைகிறது என்று கைக்குத் தெரியும். அந்தப் பெயரிலுள்ள ஓர் எழுத்தை எடுத்து வேறு சொல்லில் வைத்துக் காட்டுங்கள், திகைத்துப்போவார். நோட்டீசின் மேலே இருப்பதைப் படிக்க முடியாமல் கீழே அழகாகக் கையெழுத்துப் போடுகிறவர், கைநாட்டு வைக்கிறவரைவிடப் பெரிய ஆபத்தில் இருக்கிறார். கைநாட்டு வைத்தவர், படித்துக் காட்டவில்லை என்று பின்னால் வாதாடலாம். கையெழுத்திட்டவரிடம், தெரிந்துதானே போட்டாய் என்று கேட்பார்கள்.

கைநாட்டும் ஒழிந்துவிடவில்லை. ஆதார் வந்த பின்னே ரேஷன் கடையிலும் வங்கியிலும் பட்டதாரியும் விரலை வைக்கிறார். ஆனால் முப்பது ஆண்டு கொழுந்து கிள்ளிய விரலின் ரேகையை அந்த இயந்திரம் சில சமயம் ஏற்பதில்லை. உழைப்பு தேய்த்த விரலைப் பார்த்து, நீ நீதானா என்று கேட்கிறது.

அடுத்து, எந்த மொழியில் சொல்லிக் கொடுப்பது? பஸ் போர்டு மலையாளத்தில், ரேஷன் கார்டு மலையாளத்தில், பஞ்சாயத்து நோட்டீசும் மலையாளத்தில். பிறகு தமிழ் எதற்கு என்று நம்மவர்களே கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. நாம் சொல்வது இது: முதலில் தமிழ், அதையடுத்து மலையாளம். எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவை மனம் பிடித்துக்கொள்ளும் காரியம் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் நடக்கிறது. அது, நாக்கு எந்த மொழியில் தடுமாறாதோ அந்த மொழியில் நடந்தால் சீக்கிரம் நடக்கும். எழுத்தைக் கூட்டிச் சொல்லாக்கிய அந்த நொடியில், "அட, இது நம்ம சொல்லு!" என்று காது அடையாளம் காண வேண்டும். காதுக்குப் பழகாத சொல்லாக இருந்தால் கூட்டிப் படித்தும் ஒன்றும் விளங்காது. தமிழில் ஒரு முறை அந்தப் பூட்டு திறந்துவிட்டால் மலையாளம் வெகு தூரமில்லை. ண, ழ, ய போன்ற எழுத்துகள் இரண்டிலும் அண்ணன் தம்பி போல இருக்கின்றன. எகரக் கொம்பு மெய்க்கு முன்னால் நிற்பதும், ஒகரம் இரு பக்கமும் நிற்பதும் இரண்டுக்கும் பொது. பேச்சு மலையாளமோ இங்குள்ள எல்லோருக்கும் ஏற்கனவே தெரியும்.

இனி வகுப்பு எப்படி நடக்க வேண்டும் என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பேசுவோம். வந்திருக்கும் இளைஞர்கள் பலர் தாங்கள் சின்ன வயதில் படித்த முறையிலேயே சொல்லிக் கொடுக்கலாம் என்று நினைக்கக்கூடும். அ, ஆ, இ, ஈ என்று தொடங்கி, 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஓர் ஆய்தம், ஆக 247 என்று சுவரில் அட்டவணை மாட்டினால், அறுபது வயது ஆத்தா அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இத்தனையும் படிச்சு முடிக்க நான் உசுரோட இருக்கணுமே தம்பி" என்று எழுந்து போய்விடுவார். ஐந்து வயதுக் குழந்தைக்கு நாள் நிறைய இருக்கிறது; பொருள் புரியாமலே ஒப்பிக்கும். நாள் முழுக்க உழைத்துவிட்டு வந்தவருக்கு முதல் மாலையிலேயே ஒரு முழுச் சொல் கையில் கிடைக்க வேண்டும்.

எந்தச் சொல்? பிரேசில் நாட்டில் பாவுலோ ஃபிரேயிரே 1963-இல் அங்கிகோஸ் என்ற ஊரில் ஏறக்குறைய 300 உழைப்பாளிகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தபோது, அவர்கள் வாழ்க்கையில் கனமுள்ள சொற்களைத் தேர்ந்தெடுத்து, அவற்றைப் பற்றிப் பேசவைத்து, பிறகுதான் எழுத்தாகப் பிரித்தார். மறு ஆண்டு ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் அவரைச் சிறையில் வைத்தார்கள். எழுத்துச் சொல்லிக் கொடுத்தவரைக் கண்டு ராணுவம் ஏன் பயந்தது என்று யோசித்துப் பாருங்கள். அந்த வழி நமக்கும் ஏற்றது. ஆனால் தமிழுக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. இந்த மக்களின் வாழ்க்கைக்கு மிக நெருங்கிய சொல் "கொழுந்து". எழுதிப் பாருங்கள். முதல் எழுத்துக்கு இரு பக்கமும் குறி, அடுத்தது ழுகரம், பிறகு ஒரு புள்ளி, கடைசியில் துகரம். நான்கு எழுத்தில் நான்கு தலைவலி. "கூலி" என்றால் கூவன்னாவுக்குத் தனி உருவம். வாய்க்குப் பழகிய சொல்லெல்லாம் கைக்குப் பழகாத எழுத்தாக இருக்கிறது.

ஆகவே சொல்லின் கனத்தையும் எழுத்தின் எளிமையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். உட்கார்ந்து தேடியபோது நமக்கே வியப்பாக இருந்தது. லயம். பணம். கடன். சம்பளம். சட்டம். சங்கம். இந்த ஆறு சொல்லையும் பாருங்கள். காலும் இல்லை, கொம்பும் இல்லை, சுழியும் இல்லை. அகரம் ஏறிய எழுத்தும் புள்ளி வைத்த எழுத்தும் மட்டுமே. மொத்தம் 11 எழுத்துகள், ஒரு புள்ளி. இந்தத் தோட்டத்தின் அரசியல் முழுவதும் இதற்குள் அடங்கிவிடுகிறது! முதல் நாள் "லயம்" எழுதுங்கள். எழுதுவதற்கு முன் லயத்தைப் பற்றிப் பேசவிடுங்கள்: யார் வீட்டுக் கூரை போயிற்று, வயநாட்டில் இதையே பாடி என்கிறார்களே, இந்த வீடு யாருக்குச் சொந்தம் என்று எல்லாம் வரட்டும். பிறகு ல, ய, ம். மறுநாள் பகரமும் ணகரமும் வந்தால் "பணம்". அதே எழுத்துகளை மாற்றி வைத்தால் "பயம்", "பலம்" என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள். அந்தக் கண்டுபிடிப்பை நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள்.

அடுத்துக் கால் வாங்கும் எழுத்து. அது தனியே நிற்பதால் எளிது: பாடம், பாலம், பாட்டா. பிறகு இகரம்: படி, பாடி, பாக்கி. பிறகு கொம்பு. இங்கே ஒரு வாரம் போனாலும் போகட்டும். கண் முதலில் கொம்பைப் பார்க்கிறது, வாய் முதலில் மெய்யைச் சொல்கிறது. இடமிருந்து வலமாகவே படித்து வந்தவருக்கு இது அநியாயமாகப் படும்; அவர் கோபத்தில் நியாயம் உண்டு. கடைசியாக உகரம். சு, பு, வு என்றால் கோடு நேரே கீழே இறங்குகிறது. து, நு, லு என்றால் கீழே போய் மேலே ஏறுகிறது. கு, டு, மு, ரு ஒவ்வொன்றும் ஒரு தினுசு. 1978-இல் தமிழக அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று ணா, றா, னா, லை, னை முதலிய 13 எழுத்துகளின் உருவத்தைச் சீராக்கியது. உகர வரிசையைத் தொடவில்லை. முதியோர் வகுப்பில் ஒரு மாதம் உட்கார்ந்திருந்தால் அதையும் தொட்டிருப்பார்கள் என்பது நம் எண்ணம். சின்ன வயதில் ஓராண்டு ஈராண்டு பள்ளிக்குப் போய் நின்றுவிட்ட முதியவர்கள் சிலர் தும்பிக்கை வளைந்த பழைய லை, னையை எழுதுவார்கள். தப்பு என்று அடிக்காதீர்கள். அது அவர்கள் படித்த எழுத்து. புதியதைப் பக்கத்தில் எழுதிக் காட்டினால் போதும்.

ஒலியிலும் ஒரு சங்கதி உண்டு. கடனில் வரும் ககரம் வேறு, சங்கத்தில் வரும் ககரம் வேறு, மகனில் வருவது இன்னும் வேறு, எழுத்து ஒன்றே. இதற்கு விதி சொல்லத் தேவையில்லை. தமிழ் பேசுகிறவர் சொல்லை அடையாளம் கண்டுவிட்டால் ஒலி தானே சரியாகிவிடும். அதைவிடப் பெரிய தடை பேச்சுக்கும் எழுத்துக்கும் உள்ள தூரம். "வந்தாங்க" என்று பேசுகிறவர் "வந்தார்கள்" என்று அச்சில் பார்க்கிறார். கூட்டிப் படித்து முடித்த பிறகும், இது தான் பேசும் சொல்தான் என்று தெரிவதில்லை. எனவே முதல் மாதம் கரும்பலகையில் அவர்கள் பேசுவதையே எழுதுங்கள். "நேத்து மழை பெஞ்சுது." இலக்கணப் பண்டிதர்கள் முகம் சுளிப்பார்கள், மேலே இருக்கும் முனிவர் மன்னிப்பார். ஏட்டுத் தமிழுக்கு மெல்ல மெல்ல அழைத்துப் போகலாம்.

எழுத்தெல்லாம் தெரிந்துவிட்டது, ஆனாலும் படிக்க வரவில்லை என்று ஒரு கட்டம் வரும். பெரும்பாலான வகுப்புகள் இந்த இடத்தில்தான் கலைகின்றன. எழுத்தெழுத்தாகக் கூட்டிக்கொண்டு வரியின் கடைசிக்கு வரும்போது முதல் சொல் மறந்துபோகும். இது அறிவுக் குறைவில்லை. மனம் ஒரு நேரத்தில் கொஞ்சத்தைத்தான் தாங்கும். அந்தக் கொஞ்சத்தையும் எழுத்துக் கூட்டும் வேலை தின்றுவிட்டால் பொருளுக்கு இடமில்லை. வேகம் வந்தால்தான் பொருள் வரும். 1988-இல் தொடங்கிய தேசிய எழுத்தறிவு இயக்கம் வைத்த அளவு, நிமிடத்துக்கு 30 சொல் உரக்கப் படிப்பது, 7 சொல் பார்த்து எழுதுவது, நூறு வரை எண் அறிவது. இதற்கு 200 மணி நேரம் என்று கணக்கிட்டார்கள். முப்பது சொல் என்பது வாசற்படி. வீட்டுக்குள் நுழைய இன்னும் வேகம் வேண்டும். ஒரே பத்தியை நான்கு நாள் திரும்பத் திரும்பப் படிக்கவிடுங்கள். ஆனால் மனப்பாடம் ஆகிவிட்டதா என்று சோதியுங்கள். தெரிந்த சாமிப் பாட்டைப் புத்தகத்தில் விரல் வைத்து "வாசிக்கிற" அக்காமார்களை நாம் பார்த்திருக்கிறோம். விரல் மூன்றாம் வரியில் நிற்கும், பாட்டு ஆறாம் வரிக்குப் போயிருக்கும். நடுவில் ஒரு சொல்லைக் காட்டிக் கேட்டால் தெரிந்துவிடும்.

வயதானவர் மூளையில் ஏறாது என்பார்கள். 2017-இல் வெளியான ஓர் ஆய்வு நம் நாட்டிலேயே, லக்னோ பக்கத்துக் கிராமங்களில் நடந்தது. பள்ளிக்கே போகாத பெண்களுக்கு ஆறு மாதம் நாகரி எழுத்துச் சொல்லிக் கொடுத்து, முன்னும் பின்னும் மூளையைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். மூளையின் ஆழத்திலுள்ள பகுதிகள்கூட மாறியிருந்தன. அதைவிட எளிய சான்று ஆலப்புழை மாவட்டத்துக் கார்த்தியாயினி அம்மா. 2018-இல் தமது 96-ஆம் வயதில் கேரள எழுத்தறிவுத் தேர்வு எழுதி 100-க்கு 98 வாங்கினார்.

மூளை ஏற்றுக்கொள்ளும், கண்தான் ஏற்காது. நாற்பதைத் தாண்டினால் பக்கத்துப் பொருள் மங்கும். படிக்கத் தெரியாதவருக்கு அந்தக் குறை தெரிவதுமில்லை. ஊசியில் நூல் கோக்கப் பேத்தியைக் கூப்பிடுவார், அவ்வளவுதான். வகுப்பில் எழுத்து மங்கலாகத் தெரியும்போது தனக்கு மண்டையில் ஏறவில்லை என்று நினைத்துக்கொண்டு நின்றுவிடுவார். ஆகவே தோழர்களே, சிலேட்டு வாங்குவதற்கு முன் வெள்ளெழுத்துக் கண்ணாடி வாங்குவோம். கண் பரிசோதனை முகாம் ஒன்றை விதுரையிலிருந்து வரவழைக்க முயல்வோம். விளக்கு வெளிச்சமும் அப்படியே. எழுத்து பெரிதாக, வரிக்கு வரி இடைவெளி விட்டு இருக்கட்டும். பென்சில் பிடிக்க விரல் ஒத்துழைக்காதவருக்கு மணலோ அரிசியோ போதும். எழுத வராததால் படிப்பை நிறுத்தவேண்டாம். படிப்பு முன்னே போகட்டும், எழுத்து பின்னால் வரும்.

கற்றது நிலைக்குமா என்பது அடுத்த கவலை. தமிழ்நாட்டில் புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991-92-இல் நடந்த அறிவொளி இயக்கத்தை நம் பெரியவர்கள் சிலர் நேரில் பார்த்திருப்பார்கள். ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தார். ஆயிரக்கணக்கான பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றார்கள். கல்குவாரியில் கல் உடைத்த பெண்கள் குழுவாகச் சேர்ந்து குவாரியையே குத்தகைக்கு எடுத்தார்கள்; அப்போது கணக்கும் ரசீதும் படிக்க வேண்டிய அவசியம் அவர்களுக்கு வந்தது. அவசியம் இருந்த இடத்தில் எழுத்து தங்கியது. இயக்கம் ஓய்ந்து, படிக்க ஒன்றும் இல்லாமல் போன இடத்தில் எழுத்தும் உதிர்ந்தது. இங்கே நம் நிலை இன்னும் மோசம். கேரளத்து நூலக இயக்கம் பெருமைக்குரியது, 1945-இல் பி. என். பணிக்கர் தொடங்கிய கிரந்தசாலைச் சங்கத்தின் பலன் அது. ஆனால் மலையடிவாரத்து வாசகசாலையில் தமிழ்ப் புத்தகம் எத்தனை இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்! செல்போனும் ஒரு வகையில் பகைதான். எழுத வேண்டிய செய்தியைக் குரலாக அனுப்பிவிடலாம். வங்கியிலிருந்து வரும் குறுஞ்செய்தி மட்டும் ஆங்கிலத்தில் வந்து நிற்கும்.

இதற்கு நம்மிடம் ஒரு பழைய மருந்து உண்டு. இலங்கை மலையகத்தில் கோ. நடேசய்யரும் அவர் துணைவியார் மீனாட்சியம்மையாரும் தோட்டத் தொழிலாளருக்காகத் துண்டுப் பிரசுரமும் பாட்டுப் புத்தகமும் அச்சிட்டார்கள். வாங்கியவர்களில் படிக்கத் தெரிந்தவர் கொஞ்சம். அம்மையார் பாடினார், கூட்டம் கேட்டது. ஒருவர் படிக்கப் பத்துப் பேர் கேட்கும் வழக்கம் டீக்கடையில் செய்தித்தாள் படித்த காலம்வரை நம்மிடம் இருந்தது. அதைத் திரும்பக் கொண்டுவர வேண்டும், ஒரு மாற்றத்தோடு: கேட்கிற பத்துப் பேரும் தாளைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணால் பின்தொடர வேண்டும். இந்த மாத இதழில் கடைசிப் பக்கம் இனிப் பெரிய எழுத்தில் வரும்.

இனி, எதைப் படிப்பது என்ற கேள்விக்கு வருவோம். தோட்டம் முடங்கிப் பல ஆண்டுகளாகிவிட்டன. சம்பளப் பாக்கி, பணிக்கொடைப் பாக்கி, சேமநிதிக் குழப்பம். இவற்றைப் பற்றி மேடையில் பேசாத கட்சி இல்லை. ஆனால் தனக்கு வரவேண்டியது எவ்வளவு என்று தானே கணக்கிடத் தெரிந்த தொழிலாளி எத்தனை பேர்? 1972-இன் பணிக்கொடைச் சட்டம் வகுத்த கணக்கு எளியது: ஐந்தாண்டுக்குக் குறையாமல் வேலை செய்தவருக்கு, வேலை செய்த ஒவ்வொரு ஆண்டுக்கும் 15 நாள் சம்பளம். நாளொன்றுக்கு 300 ரூபாய் கடைசிச் சம்பளம், 30 ஆண்டு வேலை என்றால் 300-ஐ 15-ஆல் பெருக்கு, அதை 30-ஆல் பெருக்கு: 1,35,000 ரூபாய். இதுவே நம் மூன்றாம் மாதக் கணக்குப் பாடம். கொழுந்துத் தராசில் கிலோ சரியாகப் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு எண் புதிதில்லை. சேமநிதி எடுக்கும் படிவம் 19, ஓய்வூதியம் கேட்கும் படிவம் 10-டி, இவற்றைப் பெரிதாக எழுதி வகுப்பில் மாட்டுவோம்.

மனு எழுத மொழி தெரியாதே என்பவர்களுக்கு இரண்டு செய்தி. அரசியல் சட்டத்தின் 350-ஆம் பிரிவின்படி, குறை தீர்க்கக் கோரும் மனுவை மத்தியிலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் எவரும் கொடுக்கலாம். 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும் தம் மொழியில் எழுதலாம், பதிலும் அம்மொழியிலேயே வர வேண்டும் என்கிறது. சட்டத்தில் உண்டு, கேட்டு வாங்குவோர்தான் வேண்டும். 2015 செப்டம்பரில் மூணாற்றில் நம் பெண்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு, தங்கள் பெயரில் பேசிவந்த தலைவர்களை ஒதுக்கிவைத்துவிட்டு, 20 சதவீத போனஸ் வாங்கினார்களே, அந்தத் துணிச்சலுக்கு ஒரு பேனாவும் சேர்ந்தால் என்ன ஆகும்!

ஏற்பாடுகளைச் சொல்லிவிடுகிறோம். வாரம் ஐந்து நாள், மாலை ஆறரை முதல் எட்டு வரை. கணக்குப் பார்த்தால் 200 மணி நேரத்துக்கு ஆறு மாதத்துக்குக் குறையாது. பருவமழையில் சில நாள் போகும். ஒரு தொண்டருக்குப் பத்துப் பேருக்கு மேல் வேண்டாம். பெண்கள் வகுப்பைப் பெண்களே நடத்தினால் நல்லது. பேரன் பேத்திகளைக் கூட்டிவர அனுமதியுங்கள், இல்லாவிட்டால் வரமாட்டார்கள். "என்ன பாட்டி, இதுகூடத் தெரியலையா" என்ற சொல் எந்தத் தொண்டர் வாயிலிருந்தும் வரக்கூடாது. அம்மா, மயினி, அண்ணாச்சி என்று எப்போதும் கூப்பிடுவதைப் போலவே கூப்பிடுங்கள். கண்ணாடிக்கும் விளக்குக்கும் பணம் திரட்டும் ரசீதுப் புத்தகம் செயலாளரிடம் இருக்கிறது. வரும் திங்கட்கிழமை முதல் பாடம். கரும்பலகையில் எழுத வேண்டிய சொல் "லயம்".